எட்டுப் பேர், ஒரு பிறந்தநாள், பாண்டிச்சேரி

புதன்: போனில் முடிகிற வேலை

பிறந்தநாள் கொண்டாடப் பாண்டிக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது கடலைப் பார்த்தபடி ஒரு மேசை. கடற்கரைச் சாலையில் அப்படி மேசை போடுகிற இடங்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். அங்கேயும் இரவு எட்டு மணிக்குப் போய் உட்கார்ந்தால் எதிரே இருப்பது வெறும் இருட்டு. இந்த ஊருக்குக் கடல் கிழக்கே. சூரியன் தண்ணீருக்குள் இறங்குகிற காட்சி இங்கே கிடையாது; முதுகுப் பக்கம், கட்டடங்களுக்கு நடுவே எங்கேயோ மறைந்துவிடும். ஆகவே கடலைக் காலைக்கும் காபிக்கும் வைத்துக்கொண்டு, விருந்தை இரண்டு மூன்று தெரு உள்ளே தள்ளி ஒரு முற்றத்துக்குக் கொண்டுபோவதுதான் சரி. இந்த வாரக் கடைசி முழுக்க அந்தக் கணக்கில்தான் போட்டிருக்கிறது.

இதற்கு ஒரே விலக்கு பௌர்ணமி. அன்றைக்குச் சூரியன் மறைகிற நேரத்தை ஒட்டி நிலா கடலிலிருந்து மேலே வரும். மறுநாள் சுமார் 50 நிமிடம் தாமதமாகும், அதற்கு மறுநாள் இன்னொரு 50. பௌர்ணமியும் அதற்கு அடுத்த நாளும் மட்டும் மொட்டைமாடி மேசைக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். மற்ற நாளில் அந்தக் காசுக்கு இன்னொரு தட்டு மீன் வாங்கலாம்.

ஆட்கள் கணக்கு இது. பிறந்தநாள்காரருக்கு எழுபது முடிகிறது, விருந்து சனிக்கிழமை இரவு. எட்டுப் பேரில் மூன்று பேர் சைவம், அதில் ஒருவர் முட்டையும் தொடமாட்டார். ஒருவருக்கு முழங்கால் வலி. பிள்ளைகள் இரண்டு. இதை எழுதி வைத்துக்கொண்ட பிறகுதான் உணவகப் பெயர்களைப் பார்க்க வேண்டும். நட்சத்திர மதிப்பீட்டைப் பார்த்துப் பட்டியல் போட்டால், லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடியில் போய் நிற்பீர்கள். கடலோரப் பிரெஞ்சுப் பகுதியான வெள்ளை நகரத்தின் பழைய வீடுகளில் மாடிப்படி செங்குத்து, படியும் குறுகல். 'ரூஃப்டாப்' என்று போட்டிருக்கும் இடத்துக்கெல்லாம் போன் போட்டு "லிஃப்ட் எதுவரை வரும்?" என்று கேளுங்கள். "இருக்கு" என்று மட்டும் பதில் வந்தால் போதாது. கடைசி ஒரு மாடி படியேற்றம்தான் என்பது பல இடங்களில் நேரில் போனால்தான் தெரியவரும்.

சனி இரவு 8 மணி மேசைதான் இந்த ஊரில் கிடைப்பதற்கு அரிய பொருள். சென்னையிலிருந்து 150 கிலோமீட்டர், பெங்களூரிலிருந்து 300-க்குச் சற்று மேல். இரண்டு ஊரும் சேர்ந்து அதே மேசையைத்தான் கேட்கின்றன. 7 மணி என்றால் எளிதாகக் கிடைக்கும், பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதுவே நல்லது. முற்றத்து உணவகங்களில் தூண்களும் செடித் தொட்டிகளும் நடுவில் நிற்பதால் ஆறு பேருக்கு மேல் ஒரே மேசையாகச் சேர்த்துப் போட முடியாத இடங்கள் உண்டு. "எட்டுப் பேருக்கு மேசை இருக்கா?" என்று கேட்டால் இருக்கு என்பார்கள், போனால் நாலும் நாலுமாகப் பிரிந்து கிடக்கும். "எட்டுப் பேரும் ஒரே மேசையில், முற்றத்திலா, உள் அறையிலா?" என்று கேட்டால்தான் உண்மை வரும். பத்துப் பேருக்கு மேல் போனால் முன்கூட்டியே மெனுவை முடிவு செய்து முன்பணம் கட்டச் சொல்வது வழக்கம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, சமையலறை சிறியது.

போனில் கேட்க வேண்டிய இன்னொன்று வரி. தனி உணவகம் என்றால் சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அறை வாடகை ரூ. 7,500-ஐத் தாண்டுகிற ஹோட்டலுக்குள் இருக்கிற உணவகம் என்றால் 18. பாண்டியின் அழகான முற்றங்கள் பலவும் ஹோட்டல்களுக்குள்தான் இருக்கின்றன. சாப்பாடு மட்டும் ரூ. 8,000 என்று வையுங்கள்: ஒரு இடத்தில் வரி 400, இன்னொரு இடத்தில் 1,440. மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதற்கு வாட் வரி தனியாக வரும். சர்வீஸ் சார்ஜ் என்று பில்லில் போட்டிருந்தால் அது கட்டாயமில்லை. எடுக்கச் சொன்னால் எடுத்தாக வேண்டும்.

தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. அந்தக் காலத்தில் மீன் இருக்கும், ஆனால் பெரிய மீன் வெளியூரிலிருந்து ஐஸில் வரும், விலையும் ஏறியிருக்கும். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை மழை. முற்றம் மூடினால் உள்ளே இடம் உண்டா என்று கேட்காமல் அந்த மாதங்களில் மேசை பிடிக்காதீர்கள். ஜூலை 14 பிரெஞ்சு தேசிய நாள், ஆகஸ்ட் 15, வருடக் கடைசி ஆகிய நாட்களில் ஊரே நிரம்பி வழியும். மாசி மகத்தன்று சுற்றுவட்டாரக் கோயில் சாமிகளெல்லாம் வைத்திக்குப்பம் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வரும். பார்க்க வேண்டிய காட்சி, ஆனால் அன்றைக்கு வடக்குப் பக்கம் காரில் போக வேண்டிய இடத்தில் எங்கேயும் மேசை பிடித்து வைக்காதீர்கள். எங்கள் தேதி பிப்ரவரி முதல் வாரம். இதைவிட நல்ல காலம் இந்த ஊரில் இல்லை.

வெள்ளி: முதல் இரவைப் பெரிதாக்காதீர்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மதியம் கிளம்பினால் மூன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். மாலை ஐந்துக்கு மேல் சென்னையை விட்டால் அந்தக் கணக்கு எதுவும் செல்லாது. காரில் வருகிறவர்கள் கவனிக்க: கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளுக்குத் தடை. முழங்கால் வலிக்காரரைக் கடற்கரை முகப்பில் இறக்கிவிட வேண்டுமென்றால் ஆறுக்கு முன்பே இறக்குங்கள். பிந்திவிட்டால் ஒரு தெரு உள்ளே, துய்மா வீதியில் இறக்கிக் குறுக்குத் தெரு வழியாக நடத்திக் கூட்டிப் போகலாம், தூரம் அதிகமில்லை.

முதல் இரவே முற்றத்து விருந்து என்று வைப்பவர்கள் உண்டு. வேண்டாம் என்பதே எங்கள் கட்சி. பிள்ளைகளுக்குப் பசி ஏழு மணிக்கே வந்துவிடும். பிரெஞ்சு பாணி உணவகங்கள் பெரும்பாலும் ஏழுக்குத்தான் அடுப்பைப் பற்ற வைக்கும். ஆர்டர் கொடுத்து முதல் தட்டு வர அரை மணி, முக்கால் மணி ஆகும். பிரயாணக் களைப்போடு அந்த முக்கால் மணி நேரத்தைக் கடத்துவது கஷ்டம். வெள்ளை நகரத்தைப் பிரிக்கிற வாய்க்காலைத் தாண்டித் தமிழர் பகுதிக்குள் வந்து மிஷன் வீதியில் சற்குரு மாதிரி ஒரு சைவ ஹோட்டலில் ஆனியன் ஊத்தப்பமும் இட்லியும் சாப்பிட்டு எட்டு மணிக்குள் வெளியே வந்துவிடலாம். சைவக்காரர் மூவருக்கும் முழு மெனுவும் திறந்திருக்கிற ஒரே வேளை இதுதான் என்பதையும் நினைவில் வையுங்கள். நாளைக்கு அவர்கள் நாலு வரிக்குள் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

அதன் பிறகு கடற்கரையில் ஒரு நடை. காந்தி சிலைக்குத் தெற்கே, பழைய துறைமுக அலுவலகக் கட்டடம்தான் லே கஃபே. நீலம், சாம்பல், கறுப்பு என்று மாறுகிற தண்ணீருக்கு இத்தனை அருகில் நாற்காலி போட்டிருக்கிற இடம் சாலையில் வேறு கிடையாது. ஒரு காபி போதும், சாப்பாட்டைக் கலக்க வேண்டாம். பாறைக் கரையில் சிலை பக்கம் நெரிசலாக இருந்தால் வடக்கே தலைமைச் செயலகம் வரை நடங்கள். கடலுக்குள் அமைத்த செயற்கைத் திட்டின் புண்ணியத்தில் அங்கே மறுபடி மணல் சேர்ந்திருக்கிறது, பிள்ளைகள் காலை நனைக்கலாம்.

அறைக்குத் திரும்புகிற வழியில் ஒரு வேலை செய்ய வேண்டும். நாளைய விருந்துக்குப் பிடித்திருக்கிற இடத்துக்குள் ஐந்து நிமிடம் நுழைந்து பாருங்கள். எந்த மேசை என்று கை காட்டச் சொல்லுங்கள். வாசலில் எத்தனை படி, கழிவறை எந்தப் பக்கம், வழியில் விளக்கு உண்டா, தரை கருங்கல்லா வழுவழு ஓடா என்று பார்த்துக்கொள்ளுங்கள். செடிகள் அடர்ந்த முற்றமென்றால் கொசுவும் இருக்கும். மேசைக்கு அடியில் கொசுவர்த்தி வைக்கச் சொன்னால் மறுக்கமாட்டார்கள், கேட்காமல் வைக்கவும் மாட்டார்கள். ஸ்பீக்கருக்கு நேர் கீழே மேசை இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். எழுபது வயதுக்காரர் பாதிப் பேச்சைத் தவறவிட்டால் அது அவருடைய பிறந்தநாளாக இருக்காது.

சனி: விருந்து நாள்

காலை. பிப்ரவரி முதல் வாரத்தில் சூரிய உதயம் ஆறரை மணி வாக்கில். ஆறேகாலுக்குக் கடற்கரையில் இருந்தால் போதும். வண்டிச் சத்தம் இல்லாத சாலை, நடைப்பயிற்சிக்காரர்கள், சுண்டல் இல்லாத காற்று. கடற்காட்சிக்கு வந்த காசு இந்த ஒரு மணி நேரத்தில் வசூலாகிவிடும்.

அங்கிருந்து நேரே புஸ்ஸி வீதி. பேக்கர் ஸ்ட்ரீட் போன்ற பிரெஞ்சு பாணி பேக்கரிகளுக்குக் காலைதான் நேரம். குருவாசாங்கும் நீளமான பகெத் ரொட்டியும் அடுப்பிலிருந்து வந்த சில மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டியவை. கடலோர ஈரக்காற்று மதியத்துக்குள் மேல் ஓட்டைத் தொய்ய வைத்துவிடும். ரொட்டியைக் கையில் எடுத்து லேசாக அழுத்தினால் மேலோடு நொறுங்குகிற சத்தம் கேட்க வேண்டும். சத்தம் இல்லாமல் அமுங்கினால் அது நேற்றையது, அல்லது பாலிதீனில் கிடந்தது. முட்டை சேராத ஆள் இங்கே கவனமாக இருக்க வேண்டும்: குருவாசாங் மாவில் முட்டை இல்லாவிட்டாலும் பளபளப்புக்காக மேலே முட்டை பூசுவது வழக்கம். அவருக்கு பகெத்தும் வெண்ணெயும் ஜாமும் சரி. பகெத்தில் மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் தவிர வேறொன்றும் கிடையாது.

பிறந்தநாளன்று மணக்குள விநாயகர் கோயிலுக்குப் போகாமல் விட வீட்டில் யார் சம்மதிப்பார்கள்? ஒன்பது மணிக்குள் போய்விட்டால் வரிசை குறைவு. அங்கிருந்து நேரு வீதிக்கு நடந்து வந்து இந்தியன் காபி ஹவுஸில் ஒரு காபி. தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிற இடம், அலங்காரம் எதிர்பார்க்காதீர்கள்.

காபி முடித்த கையோடு பெரிய மார்க்கெட் மீன் பகுதிக்குள் ஒரு சுற்று. வாங்குவதற்காக இல்லை, இன்றைக்கு எந்த மீன் வந்திருக்கிறது என்று பார்ப்பதற்காக. மதியமும் இரவும் மெனு கார்டில் 'ஃபிஷ் ஃபில்லே', அதாவது முள் நீக்கிய மீன் துண்டு, என்று மட்டும் போட்டிருக்கும். கேள்வி கேட்க உங்களுக்குப் பெயர் வேண்டும். இன்று பலகையில் கொடுவா, சங்கரா, வஞ்சிரம், இறால் எல்லாம் இருந்தால் உணவகத்தில் உட்கார்ந்து "ஃபில்லே எந்த மீன்? கொடுவாவா?" என்று தமிழிலேயே கேளுங்கள். பாசா என்று பதில் வந்தால் அது பெரும்பாலும் வெளிநாட்டுப் பண்ணையிலிருந்து உறைய வைத்து வந்த, மணமும் ருசியும் இல்லாத வெள்ளைத் துண்டு. கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி உட்கார்ந்து அதைச் சாப்பிட இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை. முழு மீன் சொல்வதாக இருந்தால் எடை கேளுங்கள், சுத்தம் செய்வதற்கு முன்பா பின்பா என்றும் கேளுங்கள். ஒரு கிலோ முழு மீனில் முள் நீக்கிய சதையாகத் தேறுவது பாதிக்கும் குறைவு. இரண்டு பேருக்கு 700, 800 கிராம் முழு மீன் சரியான அளவு.

மதியச் சாப்பாடு. பாண்டிக்கு வந்து ஒரு வேளையாவது கிரியோல் சமையல் சாப்பிட வேண்டும். பிரெஞ்சுக்காரர் வீடுகளிலும், பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த தமிழர்களான சொல்தா குடும்பங்களிலும் தமிழ்க் கைகள் சமைத்துச் சமைத்து உருவான உணவு இது. காரம் அடங்கியிருக்கும், அதனால் பிள்ளைகளுக்கும் ஒத்துப்போகும். அசாட் என்பது தேங்காய்ப் பாலில் மென்மையாக வேகும் கோழிக்கறி. கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டு எலுமிச்சை பிழிவார்கள். கொதிக்கும்போது பிழிந்தால் தேங்காய்ப் பால் திரிந்து எண்ணெய் தனியாக நிற்கும். தட்டில் அப்படி வந்தால் சமையலறையில் அவசரம் என்று அர்த்தம். விந்தாய் என்றால் வினிகரும் கடுகும் பூண்டும் தூக்கலாக இருக்கும். பெரும்பாலும் பன்றிக்கறி, சில இடங்களில் இறால். பூயாபேஸ் என்று இருந்தால் பிரான்ஸின் மர்சேய் துறைமுகத்து மீன் சூப் நம் மஞ்சளோடு சேர்ந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள், ரொட்டி தொட்டுச் சாப்பிட. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து வெயிலில் காயவைத்த நம் தாளிப்பு வடகம் இந்தச் சமையலிலும் அடிமணமாக நிற்கும்.

இதை எங்கே சாப்பிடுவது? ரோமன் ரோலன் வீதியில் ஓத்தெல் த லோரியான் முற்றம் கிரியோல் சமையலுக்கு நெடுநாள் பெயர் பெற்றது. 18-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். ஒரு காலத்தில் கல்வித் துறை அலுவலகமாக இருந்ததற்கான பெயர்ப்பலகை இன்னும் முகப்பில் இருக்கிறது. தமிழ் வீட்டுச் சாயல் பிடித்தவர்களுக்குப் பெருமாள் கோயில் வீதியில் மெசோன் பெருமாள். தூண் வைத்த இரண்டு முற்றம், பழைய செட்டியார் வீடு. இதைவிட ஒரு படி மேலே போக வேண்டுமென்றால் வீட்டிலேயே சமைத்துப் போடுகிற கிரியோல் குடும்பங்கள் சில உண்டு. இரண்டு நாள் முன்பே சொல்ல வேண்டும், இத்தனை பேர் குறைந்தபட்சம் என்று கணக்கும் இருக்கும். தங்குகிற விடுதிக்காரரிடம் கேட்டால் வழி சொல்வார். ஹோட்டல் முற்றத்தைவிடச் சாப்பாடு அங்கேதான் உயர்வு, தயங்காமல் சொல்லலாம்.

ஆர்டர் கொடுப்பதில் ஒரு நுணுக்கம். கிரியோல், தமிழ் சமையல் என்றால் ஒரு கிண்ணம் இரண்டு பேருக்கு வரும்; எட்டுப் பேருக்கு ஐந்து கிண்ணமும் சாதமும் போதும். பிரெஞ்சு பாணி இடத்தில் மெயின் கோர்ஸ் என்பது ஓர் ஆளுக்கு ஒரு தட்டு, அதிலேயே காயும் உருளைக்கிழங்கும் சேர்ந்து வரும். இந்த வித்தியாசம் தெரியாமல் மதியம் எட்டுக் கிண்ணம் சொல்லி மிச்சம் வைத்துவிட்டு, இரவு நாலு தட்டு சொல்லி அரை வயிற்றோடு எழுந்து போகிறவர்கள் நிறையப் பேர். இன்னொன்று, மூன்று மணிக்குச் சமையலறை மூடிவிடும், ஏழுக்குத்தான் திறக்கும். ஒன்றரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள்.

கேக். எட்டுப் பேர், அதுவும் முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு. அரைக் கிலோ தாராளம், ஒரு கிலோ என்றால் பத்துப் பன்னிரண்டு துண்டு வரும். விப்பிங் கிரீம் பூசிய கேக் பாண்டி வெப்பத்தில் அரை மணிக்கு மேல் வெளியே நிற்காது, ஓரங்கள் சரியத் தொடங்கும். உணவகத்தில் ஃபிரிட்ஜில் வைப்பார்களா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள். ஃபிரிட்ஜ் இல்லையென்றால் பட்டர் கிரீம் அல்லது கிரீமே இல்லாத சாக்லேட் கேக். முட்டை இல்லாதது வேண்டுமென்றால் 48 மணி நேரம் முன்பு சொல்ல வேண்டும், கடையில் தயாராகக் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். மூஸ், சீஸ் கேக் வகைகளில் ஜெலட்டின் சேர்ந்திருக்கலாம். அது மாட்டு எலும்பு, பன்றித் தோல் போன்றவற்றிலிருந்து எடுப்பது; சைவக்காரருக்கு முட்டையைப் பற்றி மட்டும் கேட்டால் போதாது. கேக்கை மாலை ஐந்துக்குள் எடுத்துவிடுங்கள். ஆறுக்கு மேல் கடற்கரைச் சாலை மூடிவிடுவதால் வண்டியெல்லாம் உள் தெருக்களில்தான் நிற்கும்.

இரவு. முற்றங்களில் சுய்ப்ரேன் வீதி வில்லா சாந்திக்கு ஒரு தனிக் களை உண்டு: பழைய பிரெஞ்சு வீடு, நடுவே மரமும் மேசைகளும், கடல் கண்ணில் படாது. ரோமன் ரோலன் வீதியில் இளஞ்சிவப்பு வீட்டுத் தோட்டத்தில் கொரமண்டல் கஃபே இருக்கிறது, படம் எடுக்கிறவர்கள் கூட்டம் அங்கே எப்போதும் உண்டு. புஸ்ஸி வீதியில் பலே த மஹே. மாடி உணவகம், முழங்கால் வலிக்காரர் வருகிறாரென்றால் படியை முன்பே விசாரிக்க வேண்டிய இடம். இந்த மூன்றில் எழுபது வயதுப் பிறந்தநாளுக்கு நான் தரைத்தள முற்றத்தைத்தான் சொல்வேன். நண்பர்கள் கூட்டம், முப்பது வயது என்றால் மாடி.

சைவக்காரர்களுக்கு இங்கே விழுகிற குழிகள் நாலைந்து. பிரெஞ்சு வெங்காய சூப் பார்வைக்குச் சைவம். முறையான செய்முறையில் அது மாட்டெலும்பு வேகவைத்த நீரில் செய்வது. "ஸ்டாக் எது?" என்று கேட்டே ஆக வேண்டும். சீசர் சாலட்டின் சாஸில் நெத்திலி வகை மீன் அரைத்திருக்கும். பார்மேசான் சீஸ் கன்றின் இரைப்பை நொதியால் உறைய வைத்தது. காய்கறி கிரில் நல்லதுதான், ஆனால் ஸ்டேக் போட்ட அதே கல்லில் வாட்டினார்களா என்பது வேறு விஷயம். பாண்டியின் பிரெஞ்சு உணவகங்களில் மாட்டிறைச்சி ஸ்டேக் சாதாரணமாகக் கிடைக்கும். மேசையில் யாருக்காவது சங்கடம் இருந்தால் ஆர்டருக்கு முன்பே பேசிக்கொள்வது நல்லது. ரத்தத்தூய் என்று காய்கள் மட்டும் சேர்ந்து வேகும் பதார்த்தம், ஆலிவ் எண்ணெய்ப் பாஸ்தா, தக்காளி சாஸ் பீட்சா இவையெல்லாம் பெரும்பாலும் பாதுகாப்பு. ஆனால் "சைவமா?" என்று மட்டும் கேட்டால் பணியாளர் மெனுவில் பச்சைப் புள்ளியைப் பார்த்து ஆமாம் என்பார். பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

மது விஷயம். இங்கே 18 வயதானால் சட்டப்படி குடிக்கலாம், தமிழ்நாட்டில் 21. விலையும் எல்லைக்கு அந்தப் பக்கத்தைவிடக் குறைவு. பலர் பாண்டிக்கு வருவதே அதற்காக என்பதால் சனி இரவு ஒன்பதுக்கு மேல் மாடி உணவகங்களில் சத்தம் ஏறும். ஏழு மணி மேசைக்கு இதுவும் ஒரு காரணம்.

மெழுகுவத்தி கடைசி. மொட்டைமாடியில் கடற்காற்றுக்கு அது நிற்காது, ஏற்றுகிறவர் கைதான் சுடும். முற்றத்தில் நிற்கும், ஆனால் மூலையில் ஒரு பெடஸ்டல் ஃபேன் மேசையைப் பார்த்தே சுற்றிக்கொண்டிருக்கும். கேக் வருவதற்கு முன் அதை இரண்டு நிமிடம் அணைக்கச் சொல்லுங்கள். எழுபது மெழுகுவத்தி ஏற்ற நினைக்காதீர்கள். 7, 0 என்ற இரண்டு எண் வத்தி போதும். வண்ணத்தாள் வெடிக்கிற குழல்களைப் பழைய கட்டட முற்றங்களில் அனுமதிப்பதில்லை, கேக்கை முகத்தில் பூசுவதையும் விரும்புவதில்லை. பக்கத்து மேசையில் யாரோ இருநூறு கிலோமீட்டர் ஓட்டி வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

ஞாயிறு: சீக்கிரம் சாப்பிட்டுக் கிளம்புங்கள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றிலிருந்து இரண்டரை வரை வெள்ளை நகரத்தில் மேசைப் பஞ்சம். அறையைக் காலி செய்த அத்தனை பேரும் அதே நேரத்தில் பசியோடு பெட்டியை இழுத்துக்கொண்டு அலைவார்கள். காலைச் சிற்றுண்டியைத் தள்ளிப் போட்டு, பத்தரை பதினொன்றுக்கு ஒரே சாப்பாடாக முடித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். கஃபேக்கள் ஆம்லெட், கிரேப் என்கிற மெல்லிய பிரெஞ்சு தோசை, சாலட் என்று அந்த நேரத்துக்குத் தயாராக இருக்கும். சைவக்காரர்களுக்கும் முட்டை வேண்டாதவருக்கும் தமிழர் பகுதியில் பொங்கல் வடை.

காந்தி வீதியில் ஞாயிறு மார்க்கெட் போடும் நாள் இது. சட்டையிலிருந்து செருப்பு வரை சாலை முழுக்கக் கடை. காரை அந்தப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

ஆரோவில்லைத் திரும்பும் வழியில் சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: குயிலாப்பாளையத்தில் பீட்சா, ரொட்டி, சாக்லேட் எல்லாமே நன்றாக இருக்கும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை மூடுகிற கடைகள் உண்டு, போன் பண்ணாமல் போகாதீர்கள். எட்டுப் பேருடன் இதையும் செருகினால் நாள் சிதறும். பாதி நாள் தனியாக இருந்தால் மட்டும் போங்கள். பிள்ளைகளுக்குப் பழைய கதையில் ஆசை என்றால் தெற்கே அரிக்கமேடு இருக்கிறது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானியக் குடுவைகளின் ஓடுகள் கிடைத்த இடம். அந்தக் குடுவைகளில் மதுவும் ஆலிவ் எண்ணெயும் மீன் சாஸும் வந்தன. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே இந்தக் கரையில் இறக்குமதிச் சாப்பாடு இறங்கியிருக்கிறது. இப்போது அங்கே பார்க்க அதிகமில்லை, உணவுக்கடையும் இல்லை, தண்ணீர் கொண்டுபோங்கள்.

வாங்கிப் போக: ரொட்டியைக் காகிதப் பையிலேயே வைத்திருங்கள், பாலிதீனில் போட்டால் மரக்காணம் தாண்டுவதற்குள் தொய்ந்துவிடும். வீட்டுக்குப் போய் மேலே லேசாகத் தண்ணீர் தெளித்துச் சூடான தோசைக்கல்லில் மூடி போட்டு மூன்று நிமிடம், பிறகு மூடியை எடுத்து இரண்டு நிமிடம் வைத்தால் மேலோடு திரும்ப வரும். டிசம்பரில் வந்தால் ரவையும் முந்திரியும் ரம்மும் சேர்ந்த விவிகம் கேக் கிடைக்கும், பத்து நாள் தாங்கும்.

பாட்டில் எதையும் காரில் வைக்காதீர்கள். எல்லைச் சோதனைச் சாவடியில் டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள். பாண்டியில் வாங்கிய மதுவைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம், வண்டியோடு நிறுத்திவிடுவார்கள். ஞாயிறு மாலை அந்த வரிசை நீளமும்கூட. மதியம் இரண்டரைக்குள் கிளம்பினால் மாமல்லபுரம் தாண்டியும் வெளிச்சம் இருக்கும். அது முடியாதென்றால் மாலை முழுக்க அங்கேயே இருந்து, லேசாக ஏதாவது சாப்பிட்டுவிட்டு, எட்டுக்கு மேல் வண்டியை எடுங்கள். நாலிலிருந்து எட்டு வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதற்காகவும் இருக்காதீர்கள்.